ஓசூர் வேலையை விட்டுவிட்டு நடுகல் சேனலை முழுநேரமாக நடத்தலாமா?

வேடியப்பன் நிழல்:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக மனதைக் குடைகிற விஷயம். மறைக்காமல் சொல்லுங்கள்.

ஊர் பென்னாகரம் பக்கம். வேலை ஓசூரில், கார் உதிரிபாகக் கம்பெனியில், ஒப்பந்தத் தொழிலாளி. பிடித்தம் போகக் கைக்கு 21,000 வரும். ஞாயிறு ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு நடுகல் தேடிப் போய்விடுவேன். நம் பக்கம் ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோமே, அந்தச் சாமிகளில் பல, இறந்த வீரனுக்காக நட்டு வைத்த பழைய நடுகற்கள்தான். ஒருவன் மாடு மீட்கப் போய் இறந்திருப்பான், ஒருவன் புலியோடு மோதி இறந்திருப்பான். சிலவற்றில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் நாலைந்து வரி இருக்கும். அதைப் படித்து, ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதையையும் சேர்த்து யூடியூபில் வீடியோவாகப் போடுகிறேன். செங்கம் பக்கம் எடுத்தனூர் நடுகல்லில் கோவிவன் என்ற நாயையும் அதன் எசமானோடு சேர்த்துச் செதுக்கியிருக்கிறார்கள், இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற நாய் என்று கல்லிலேயே எழுதியிருக்கிறது. அதைப் பார்த்த அன்றுதான் கேமரா வாங்க முடிவு செய்தேன்.

விளம்பரக் காசு வருவதற்கு வேண்டிய ஆயிரம் சப்ஸ்கிரைபர், ஒரு வருடத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வை என்ற வாசலைத் தாண்டவே இரண்டு வருடம் ஆனது. இப்போது 9,200 பேர். விளம்பரத்தில் மாதம் 55, 60 டாலர். 100 டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வங்கிக்கு வருகிறது. சித்திரையில் வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

பாலக்கோடு தக்காளிக்காரன்:

தம்பி, விடாதே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தக்காளி. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அதைப் பார்த்து அடுத்த போகத்தில் எல்லோரும் தக்காளி வைத்தார்கள். பறிகூலி கட்டாமல் காட்டிலேயே விட்டவர்கள் எத்தனை பேர் என்று இந்தப் பக்கம் கேட்டுப் பார். விலையை நாம் வைப்பதில்லை, வாங்குகிறவன் வைக்கிறான். உன் சேனலும் அதே மாதிரிதான். என் சித்தி மகன் டிக்டாக்கில் நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆடி ஒன்றரை லட்சம் பேரைச் சேர்த்திருந்தான். 2020 ஜூன் 29 இரவு தடை வந்தது, அடுத்த நாள் அவனிடம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றரை லட்சம் பேரில் ஒருவர் நம்பர்கூட அவன் கையில் இல்லை.

மூணாவது ஷிப்ட்:

அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். நானும் சிப்காட் தொழிற்பேட்டையில்தான், ஏழு வருடமாக ஒப்பந்தம். ஆர்டர் குறைந்தால் கேட்டிலேயே நிறுத்தி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். அதை நிலையான வேலை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். நிலையில்லாததுதான் இரண்டும் என்றால், பிடித்ததைச் செய்துவிட்டுப் போகட்டுமே.

இன்னொன்று உடம்பு. இரவு ஷிப்ட் முடித்து வந்து எடிட்டிங்கில் உட்கார்ந்தால் கண் எரியும். நான் ஓவியம் வரைந்து போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து வருடம் முன்பே நின்றுவிட்டது. "வேலையையும் பார், ஆசையையும் பார்" என்று சொல்பவர்கள் மூணாவது ஷிப்டில் ஒரு மாதம் நின்று பார்த்துவிட்டு வரட்டும். புதுக்கோட்டைப் பக்கத்து சமையல் சேனல்காரர்கள் 2018-இல் ஆரம்பித்து 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்டார்கள். தமிழில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் சேனல் அது. அவர்களும் கிராமத்து ஆட்கள்தானே?

பாலக்கோடு தக்காளிக்காரன்:

ஜெயித்த ஒன்றைக் காட்டி வேலையை விடச் சொல்லாதே தம்பி. சமையல் வீடியோவைத் தமிழ் தெரியாதவனும் பார்ப்பான். வட்டெழுத்தை யார் பார்ப்பார்கள்? நிழல் தம்பி, உன் சேனலில் அதிகம் ஓடிய வீடியோ எது? உண்மையைச் சொல்.

வேடியப்பன் நிழல்:

அண்ணா, சொல்லக் கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். புளியமரத்தடியில் ஒரு நடுகல். அந்த வீடியோவுக்கு நண்பன் ஒருவன் பேச்சைக் கேட்டு, "மன்னன் புதைத்த தங்கம் இங்கேயா?" என்று தம்ப்நெயில் வைத்தேன். வீடியோவுக்குள் தங்கம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மற்ற வீடியோ மூவாயிரம், நாலாயிரம் பேர் பார்ப்பார்கள். இதை இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அந்த மாதம் வந்த பணத்தில்தான் மைக்கும் டிரைபாடும் வாங்கினேன்.

மூன்று வாரம் கழித்து எனக்குக் கதை சொன்ன பெரியவர் போன் செய்தார். ராத்திரியோடு ராத்திரியாக யாரோ கல்லைச் சுற்றித் தோண்டியிருக்கிறார்கள். கல் சாய்ந்துவிட்டது. போய்ப் பார்த்தேன், இடுப்பளவுக் குழி. ஊர்க்காரர்கள் மண்ணைத் தள்ளி நிமிர்த்தி வைத்து மஞ்சள் பூசியிருந்தார்கள். அவர் என்னைத் திட்டவே இல்லை. "சாப்பிட்டுட்டுப் போ கண்ணு" என்றார். அன்றே வீடியோவை நீக்கிவிட்டேன்.

பாலக்கோடு தக்காளிக்காரன்:

நீக்கினாயே, அதுதான் பெரிய விஷயம். அதிலேயே என் பதிலும் இருக்கிறது. அந்த வீடியோவை உன்னால் ஏன் நீக்க முடிந்தது? ஒன்றாம் தேதி சம்பளம் வரும் என்ற தைரியம் இருந்தது. நாளைக்கு வாடகை, பால் காசு, குழந்தை மருந்து எல்லாம் இந்தச் சேனலிலிருந்துதான் வர வேண்டும் என்றால், இருக்கிற வீடியோவை நீக்கவும் மாட்டாய், அடுத்த கல்லுக்கும் "தங்கம்" என்றுதான் வைப்பாய். உன்னைக் கெட்டவன் என்று சொல்லவில்லை. பசி எவனையும் அப்படித்தான் தள்ளும்.

மூணாவது ஷிப்ட்:

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை, யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆனால் அண்ணா, ஞாயிறு மட்டும் போனால் வருடத்துக்கு 52 நாள். மழை, கல்யாணம், ஓவர்டைம் போக முப்பது தேறும். அந்தக் கதைகளைச் சொல்கிற கிழவர்களுக்கு எழுபது, எண்பது வயது. ஒரு குளிர்காலத்துக்கு ஒருவர் போய்விடுகிறார். ரோட்டை அகலப்படுத்துகிறார்கள், லேஅவுட் போடுகிறார்கள், கல் எங்கே போனதென்றே தெரிவதில்லை. மெதுவாகச் செய்யலாம் என்பது நமக்குச் சரி, அவர்களுக்குச் சரியா?

கூத்துவாத்தியார் பேத்தி:

இரண்டு பேரும் பேசாத ஒன்றைக் கேட்கிறேன். நிழல் அண்ணா, அந்தப் பெரியவருக்கு என்ன கொடுத்தீர்கள்?

கோபத்தில் கேட்கவில்லை. எங்கள் தாத்தா கூத்து வாத்தியார். பதினெட்டு நாள் பாரதம் நடத்துவார். ராத்திரி ஆரம்பித்தால் விடியவிடிய ஆட்டம். கடைசி நாள் துரியோதனன் படுகளத்தை ஒருவர் முழுசாகப் பிடித்துச் சேனலில் போட்டார். லட்சக்கணக்கில் ஓடியது. கிரீடமும் புஜக்கட்டையும் உடைந்து, ஒட்டி ஒட்டிப் போட்டு ஆடிய வருடம் அது. முகவீணைக்காரருக்குக் கண் ஆபரேஷன் பாக்கி. வீடியோ போட்டவர் ஒரு போன்கூடச் செய்யவில்லை. வாத்தியார் பெயரையாவது கீழே எழுதுங்கள் என்று நான் எழுதிய கமெண்டையும் நீக்கிவிட்டார். "என் கலையார்வத்தில் வாழ்கிறேன்" என்று அவர் பேட்டி கொடுக்கும்போது எனக்கு வயிறு எரியும்.

அப்புறம் நாங்களே ஆரம்பித்தோம். நான் கல்லூரி முடித்து வந்ததும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் போட்டேன், வேஷம் கட்டுவது, அடவு சொல்லித் தருவது, தாத்தா பாடுவது. விளம்பரக் காசு டீ செலவுக்குக்கூட ஆகாது. ஆனால் அதைப் பார்த்துவிட்டுப் பெங்களூரிலிருந்து ஒரு தமிழ்ச் சங்கம் கூப்பிட்டது, சேலத்தில் ஒரு கல்லூரி இரண்டு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டது. போன வருடம் மட்டும் இப்படிப் பதினோரு ஆட்டம். எங்களுக்குச் சோறு போடுவது ஆட்டம்தான். சேனல், கூத்து தொடங்கும் முன் அடிக்கிற மேளம் மாதிரி.

வேடியப்பன் நிழல்:

தங்கச்சி, பழமும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான். நீங்கள் கேட்கும் வரை அது எனக்கு உறைக்கவே இல்லை. இந்த ஞாயிறு போகிறேன்.

நீங்கள் சொன்ன வழி எனக்கு ஒத்து வருமா? நடுகல் ஆட்டம் ஆடாதே.

கூத்துவாத்தியார் பேத்தி:

பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமே. தருமபுரி அகழ்வைப்பகத்தில், அதாவது தொல்லியல் துறை அருங்காட்சியகத்தில், எவ்வளவு நடுகல் இருக்கிறது, பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ஒகேனக்கல் வருகிற வண்டிகளில் பரிசலும் மீனும் போதாமல் வேறு ஏதாவது பார்க்கக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் சம்மதித்த கல்லை மட்டும் காட்டுங்கள், அந்த ஊர்ப் பெரியவருக்கும் கூலி வையுங்கள்.

மூணாவது ஷிப்ட்:

இது நல்ல யோசனை. ஆனால் பள்ளிக்கூடம் போவது வேலை நாளில்தானே? அதற்கும் வேலையை விட வேண்டும். நான் சொன்ன இடத்துக்கே வந்து நிற்கிறது.

பாலக்கோடு தக்காளிக்காரன்:

வாரத்தில் ஒரு நாள் லீவு போட்டுச் செய்து பார்க்கட்டும். நாலு பள்ளி பணம் கொடுத்துக் கூப்பிட்ட பிறகு பேசுவோம். தம்பி, இவ்வளவு பேசினோமே, வீட்டில் சொன்னாயா?

வேடியப்பன் நிழல்:

நேற்றுத்தான் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் நோட்டை எடுத்து, கட்டிக்கொண்டிருக்கிற சீட்டு ஆவணியில் முடிகிறது, அந்த எண்பதாயிரம் கைக்கு வந்த பிறகு விடுங்கள் என்றாள். அத்தோடு ஒரு நிபந்தனை: தங்கம் என்ற வார்த்தை எந்தத் தலைப்பிலும் வரக் கூடாது. அவள் ஊர்தான் அது, நான் மேலே பெயர் சொல்லாமல் விட்ட ஊர்.

ஆகவே சித்திரை இல்லை. ஆவணி வரை பாப்பாரப்பட்டி பக்கம் இரண்டு பள்ளியில் கேட்டுப் பார்க்கிறேன்.

பாலக்கோடு தக்காளிக்காரன்:

ஆவணியிலும் நான் விடாதே என்றுதான் சொல்வேன். ஆனால் எங்கள் காட்டுக்கு மேற்கே ஒரு கல் இருக்கிறது, கையில் வில்லோடு. எழுத்தும் இருக்கிறது, யாரும் படித்ததில்லை. ஞாயிறு பெரியவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வா.