மான் வேட்டைக்குப் பழைய மசில்லோடர்: 250 டாலரில் எதை எடுப்பது?

கிழக்குமலை:
பென்சில்வேனியாவில் இருக்கிறேன். வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து லைசென்ஸும் எடுத்தாச்சு. மசில்லோடருக்கு, அதாவது குழல் வாய்வழியாக மருந்தும் குண்டும் திணித்துச் சுடும் துப்பாக்கிக்கு, 250 டாலருக்கு மேல் வீட்டில் அனுமதி இல்லை. ரெண்டு பழசு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று தாம்சன் சென்டர் கம்பெனியின் ஹாக்கன், .50 அங்குலக் குழல், கேப் (அடித்தால் பொறி விடும் சின்ன மூடி) வைத்துச் சுடுவது, 225 சொல்கிறார். இன்னொன்று சிவிஏ கம்பெனியின் ஆப்டிமா, இன்லைன் (குழலுக்கு நேர் பின்னாலிருந்து பற்றவைக்கும் புது வகை), கேப்புக்குப் பதில் 209 பிரைமர், ஸ்கோப்போடு 180. அக்டோபர் பெட்டை மான் சீசன், கிறிஸ்துமஸ் கழிந்து வரும் சீசன் ரெண்டுக்கும் போக ஆசை. எது தேறும்?

பழைய_இரும்பு:
ஹாக்கனை விடாதீங்க தம்பி. 1970-ல் வந்த மாடல், வால்நட் கட்டை, பித்தளை வேலைப்பாடு. குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள்ளே வெட்டின வரி 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கு, அதனால துணி சுத்தின உருண்டைக் குண்டும் போகும், நீள ஈயக் குண்டும் போகும். நம்ம காட்டுல 75 கெஜத்தைத் தாண்டி மான் கண்ணுல படறதே அபூர்வம். ஸ்கோப்பை வெச்சுக்கிட்டு மரப்பட்டையையா எண்ணப் போறீங்க?

பனிக்காடு:
அண்ணே, அவர் கேட்டதை முழுசாப் படிச்சீங்களா? கிறிஸ்துமஸ் கழிஞ்ச சீசன் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கு மட்டும். 1974-ல் அது ஆரம்பிச்சதே கல் துப்பாக்கிக்காகத்தான். கேப் வெச்ச ஹாக்கன் பார்க்க எவ்வளவு பழசா இருந்தாலும் அங்கே செல்லாது. ஆப்டிமாவும் செல்லாது. ஆக, இந்த ரெண்டுல எதை வாங்கினாலும் அக்டோபர் மட்டும்தான். அக்டோபர் மட்டும்னா ஆப்டிமாதான் சரி. மழையில நம்பலாம், கழுவறது சுலபம், முதல் வருஷக்காரருக்கு அது போதும்.

பழைய_இரும்பு:
சரி, கேப்பை விடுவோம். அதே ஹாக்கன் கல் பூட்டோடவும் வந்திருக்கே! கொஞ்சம் பொறுத்தா கைக்கு வரும், ரெண்டு சீசனுக்கும் செல்லும். லான்காஸ்டர் பக்கத்து ஜெர்மன் கொல்லர்கள் நீளத் துப்பாக்கி அடிச்ச மாநிலத்துல இருந்துக்கிட்டு பிளாஸ்டிக் கட்டையைத் தூக்கணுமா?

பனிக்காடு:
பெருமை சரி, முதல் வருஷமே கல்லா? கல் பொறி விழற வெளிக் கிண்ணத்து மருந்து கண்ணுக்கு முன்னாடி குபீர்னு பத்தும், அப்புறம்தான் உள்ளே இருக்கறது வெடிக்கும். அந்த இடைவெளியில புதுசா சுடறவர் தோளை இழுத்துடுவார், குண்டு மானோட வயித்துல போய் நிக்கும். அதோட பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் மாதிரி மாற்று மருந்துகள் கல் பொறியில ஒழுங்காப் பத்தாது. அசல் கரிமருந்தே வேணும், அது எல்லாக் கடையிலயும் கிடைக்காது.

ரசீது_இருக்கா:
ரெண்டு பேருமே தப்பு. பழசே வேண்டாம். சிவிஏ வுல்ஃப் புதுசே 300 டாலர் சுற்றில் கிடைக்கும். முன்னாடி வைத்திருந்தவர் என்ன மருந்து போட்டார் என்று யாருக்குத் தெரியும்? புகையில்லா மருந்தை (இன்றைய தோட்டாக்களில் இருப்பது) போட்டால் இந்தக் குழல்கள் தாங்காது. சாவேஜ் 10எம்எல் துப்பாக்கி மாதிரி அதற்கென்றே செய்தவை வேறு. 50 டாலர் மிச்சம் பிடிக்கப்போய் விரலைக் கொடுக்காதீர்கள்.

பழைய_இரும்பு:
பயமுறுத்தாதீங்க. பார்த்து வாங்கத் தெரிஞ்சா பழசு ஒண்ணும் பண்ணாது. தம்பி, கையில வாங்கினதும் முதல் வேலை, கேப்பும் பிரைமரும் இல்லைன்னு உறுதி பண்ணிட்டு, வாய்ப்பக்கம் முகத்தையும் கையையும் நேரே கொண்டு போகாம ராம்ராடை, அதான் குண்டு திணிக்கிற கம்பியை, அடி வரைக்கும் விடுங்க. வாய்க்கிட்ட விரலால அடையாளம் பிடிச்சு, வெளியே எடுத்து, குழலோட வெளிப்பக்கம் வெச்சுப் பாருங்க. நுனி அடிப்பக்கத்துக்கு முன்னாடியே ரெண்டு மூணு அங்குலம் நின்னுட்டா உள்ளே பழைய மருந்தும் குண்டும் இருக்கு. பரண்ல கிடந்த துப்பாக்கிகள்ல இது சகஜம்.

அப்புறம் எண்ணெய் தொட்ட துணியை இறுக்கமா வெச்சு மெதுவா மேலும் கீழும் ஓட்டுங்க. கண்ணை விடக் கை நல்லாச் சொல்லும். சொரசொரன்னு பிடிச்சா துருக்குழி. ஓரிடத்துல திடீர்னு லூசாகி மறுபடி இறுகினா குழல் உப்பியிருக்குன்னு அர்த்தம், ரசீது ஐயா பயப்படறது அதுதான், அப்படியே வெச்சுட்டு வந்துடுங்க. கரிமருந்துக் கசடு ஈரத்தை இழுக்கும், அடிப்பக்கத்துக் கடைசி சில அங்குலம்தான் முதல்ல அரிக்கும். ஹாக்கன்ல பின்னால திறந்து பார்க்க முடியாது, சின்ன விளக்கை உள்ளே இறக்கித்தான் பார்க்கணும். துணி சிவப்பா வந்தா விலையைக் குறைங்க, கிழிஞ்சு வந்தா கிளம்புங்க.

பனிக்காடு:
இதுல அண்ணன் சொல்றது அத்தனையும் சரி. ஆனா அவர் வாயாலயே என் கட்சிக்கும் ஆதாரம் வந்துடுச்சு பாருங்க. ஆப்டிமாவுல குழலோட பின்பக்கத்தை அடைக்கிற பிரீச் பிளக்கைக் கழட்டினா குழலுக்குள்ளே பின்னாலிருந்தே வெளிச்சம் பார்க்கலாம். விக்கிறவர் கண் முன்னாடி கழட்டட்டும். "சாவி எங்கேயோ வெச்சுட்டேன்"னு இழுத்தார்னா அது இறுகிப்போச்சுன்னு வெச்சுக்குங்க.

இன்னொண்ணு. சிவிஏ-ன்னு யாராவது அதைவிடப் பழைய இன்லைனைத் தள்ளிவிடப் பார்த்தா சீரியல் எண்ணைப் பாருங்க. கடைசி ரெண்டு எண் 95, 96-ன்னு இருந்தா தொடாதீங்க. குழல் கோளாறுன்னு 1997-லயே திரும்பப் பெறச் சொன்ன சரக்கு, இன்னமும் கைமாறிக்கிட்டுதான் இருக்கு.

ரசீது_இருக்கா:
இத்தனை சோதனையும் செய்யத் தெரிந்தவர் இங்கே வந்து ஏன் கேட்கப்போகிறார்?

ஆரஞ்சுத்_தொப்பி:
சண்டைக்கு நடுவில் ஒரு வார்த்தை. எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு மத்திய சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடை உண்டு; செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு. மசில்லோடரில் பெரும்பாலானவை அந்தச் சட்டத்தில் துப்பாக்கிக் கணக்கிலேயே வராது, ஆனால் மாநிலம் வேறு மாதிரி பார்க்கும். பக்கத்து நியூ ஜெர்சியில் அதையும் துப்பாக்கியாகத்தான் எண்ணுவார்கள், எல்லை தாண்டும்போது கவனம். மசில்லோடர் லைசென்ஸ், பெட்டை மான் லைசென்ஸ் ரெண்டும் தனித்தனிக் காசு; 250-க்குள் அதையும் சேர்த்தீர்களா தம்பி? படம் எடுத்தால் ஊர் வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். அங்கே மான் என்றால் 1972 வனவிலங்குச் சட்டம்தான் ஞாபகம் வரும், ஜாமீன் எடுக்க யாரைப் பிடிப்பது என்று பெரியப்பா கேட்பார்.

கிழக்குமலை:
லைசென்ஸ் காசு தனியா வெச்சிருக்கேன் அக்கா. சனிக்கிழமை ஆப்டிமாவைப் பார்க்கப் போறேன், பிளக்கைக் கழட்டிக் காட்டச் சொல்லிட்டேன், சரின்னுட்டார். கல் துப்பாக்கி அடுத்த வருஷம் பார்க்கலாம்.

பழைய_இரும்பு:
போங்க, தடுக்கலை. ஆனா 180 கொடுக்காதீங்க. ஸ்கோப்பைக் கழட்டி அவரே வெச்சுக்கட்டும்னு சொல்லி 140-ல ஆரம்பிங்க.

பனிக்காடு:
ஸ்கோப்போட 150. அண்ணன் பேச்சைக் கேட்டு ஸ்கோப்பை விட்டுட்டு வந்துடாதீங்க.