ஏபிஏ முறையில் உ.வே.சா.வை எந்த எழுத்தின்கீழ் அடுக்குவது?

வணக்கம் நண்பர்களே. ஆங்கிலத்தில் எழுதும் என் ஆய்வேட்டுக்கு மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் அமைப்பதற்கான ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) ஏழாம் பதிப்பு முறையைப் பின்பற்றச் சொல்லியிருக்கிறார்கள். ஆங்கில நூல்களில் சிக்கல் இல்லை. தமிழ் நூல்கள்தான் படுத்துகின்றன.

உ.வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்த சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரை ஆங்கிலத்தில் 'சுவாமிநாத ஐயர்' என்று பிரித்து எழுதினால், நூற்பட்டியல் தயாரிக்கும் ஜோட்டேரோ மென்பொருள் 'ஐயர்' என்பதைக் குடும்பப் பெயராக்கி முன்னால் நிறுத்திவிடுகிறது. அப்படிப் பார்த்தால் பாதிப் பதிப்பாசிரியர்கள் ஒரே குடும்பத்தார் ஆகிவிடுவார்கள்! தமிழ் லெக்சிகன் அகராதியின் முறைப்படி ரோமன் எழுத்துகளில் ஒலிபெயர்த்துச் சேர்த்தே எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஆங்கில நூல்களில் பழகிய எழுத்துக்கூட்டலோடு அது ஒத்துப்போவதில்லை. நீங்கள் எதைக் கையாண்டீர்கள்?

இன்னொன்று: நான் பயன்படுத்துவது மறுபதிப்பு. இளங்கோவடிகளை ஆசிரியராகவும் உ.வே.சா.வைப் பதிப்பாசிரியராகவும் காட்டப்போகிறேன். மறுபதிப்பு ஆண்டுடன் மூல ஆண்டையும் தரவேண்டும் என்பது விதி. காப்பியத்தின் காலமோ அறிஞர்களிடையே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. மூல ஆண்டாக 1892ஐக் கொடுத்தால் தேர்வாளர்கள் ஏற்பார்களா?

தமிழ் நூல்களை வைத்து ஏபிஏ முறையில் ஆய்வேடு முடித்தவர்கள் உங்கள் நூற்பட்டியலில் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போட்டால் பேருதவி. முன்கூட்டியே நன்றி.