பிளேன் ஏன் றெக்கை அடிக்கல, டீச்சர்?

மூன்றாம் வகுப்பு ஆசிரியை, தென்காசிப் பக்கம்:

இயற்கையைப் பார்த்து மனுஷங்க என்னென்ன கண்டுபிடிச்சாங்கன்னு சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் இருந்தா எழுதுங்க. என்னோடதை முதல்ல சொல்லிடறேன். சொதப்பல்லதான் ஆரம்பிச்சுது.

போர்டுல இடது பக்கம் பறவை, வலது பக்கம் விமானம். கீழே மீன், நீர்மூழ்கிக் கப்பல். கோடு போட்டு இணைச்சு, பாடம் முடிஞ்சுதுன்னு சாக்பீஸைக் கீழே வைக்கறேன், கடைசி வரிசையில இருந்து ஒரு வாண்டு கேட்டான்: "பிளேன் ஏன் றெக்கை அடிக்கல, டீச்சர்?" வகுப்பே சிரிச்சுது. எனக்குப் பதில் தெரியல. நாளைக்குச் சொல்றேன்னு தப்பிச்சேன்.

ராத்திரி உட்கார்ந்து படிச்சப்போதான் புரிஞ்சுது. றெக்கை கட்டி அடிச்சுப் பறக்கப் பார்த்தவங்க விழுந்ததுதான் மிச்சம். ரைட் சகோதரர்கள் பறவைகிட்ட எடுத்துக்கிட்டது வேற விஷயம். பறவை காத்துல ஒரு பக்கமா சாயும்போது சிறகு நுனியைத் திருகி நிமிருது இல்லையா, அதை எடுத்தாங்க. 1903ல அமெரிக்காவுல கிட்டி ஹாக்ங்கற ஊர்ல பறந்த விமானத்தோட றெக்கையைக் கம்பியால இழுத்துத் திருகற மாதிரி அமைச்சிருந்தாங்க. அடிக்கிற வேலையை விட்டுட்டு, அதுக்குப் பதிலா இஞ்சினும் காத்தாடியும் வச்சாங்க. எதை எடுத்தாங்க, எதை விட்டாங்க? நான் போட்ட கோட்டுல இது ரெண்டுமே இல்லை.

அடுத்த வாரம் போர்டுப் பக்கமே போகல. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி தரிசுல மருளூமத்தைக் காய் காய்ஞ்சு கிடந்துது. ஒரு டப்பா நிறையப் பொறுக்கிட்டு வந்து, ஆளுக்கு ரெண்டு குடுத்து, "இது எதுல ஒட்டுது, எதுல ஒட்டல, கண்டுபிடிங்க"ன்னு மட்டும் சொன்னேன். டிபன் பாக்ஸ்ல ஒட்டல. ஸ்கேல்ல ஒட்டல. சாக்ஸ்ல ஒட்டுச்சு, துண்டுல ஒட்டுச்சு, என் சேலைத் தலைப்புல நான் பார்க்காதப்போ ஏழு ஒட்டியிருந்துது. அப்புறம் பூதக்கண்ணாடியைக் கையில குடுத்தேன். ஒரு பொண்ணு ரொம்ப நேரம் பார்த்துட்டு, "முள்ளு நேரா இல்ல டீச்சர், நுனி தூண்டில் மாதிரி வளைஞ்சிருக்கு"ன்னா.

வெல்க்ரோ வச்ச ஷூவை அதுக்கப்புறம்தான் வெளியில எடுத்தேன். பர்ர்ர்னு பிரிச்சதும் அவங்களே சொல்லிட்டாங்க: ஒரு பட்டையில தூண்டில், மறு பட்டையில சுருள் சுருளா நூல். ஸ்விட்சர்லாந்து எஞ்சினியர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் 1941ல நாயோட வேட்டைக்குப் போயிட்டு வந்து, அதோட ரோமத்துல ஒட்டின காயை மைக்ராஸ்கோப்ல பார்த்த கதையைக் கடைசியில சொன்னேன். அவர் பார்த்தது வேற செடி, ஆனா நம்ம மருளூமத்தை மாதிரியே சூரியகாந்திக் குடும்பம். பார்த்தது ஒரு நாள். அதை நைலான்ல செய்து முடிக்கப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. "பத்து வருஷமா!"ன்னு வாயைப் பிளந்தாங்க. அவங்களுக்கு அது மொத்த ஆயுசு.

ரெண்டு எச்சரிக்கை. மருளூமத்தை விதை விஷம், வாயில வைக்க விடாதீங்க. அப்புறம், ரெட்டைச் சடைப் பொண்ணுங்க பக்கத்துல பசங்களை உட்கார வைக்காதீங்க. மறுநாள் காலையில ஒரு அம்மா வந்து என்னை உலுக்கிட்டாங்க. தேங்காய் எண்ணெய் ஊத்தி அரை மணி நேரம் பிரிச்சாங்களாம். தப்பு என் பேர்லதான்.

---

ரெண்டு பிள்ளைகளோட அம்மா, ஈரோடு:

டீச்சர், நான் வாத்தியார் இல்லீங்க. ஆனா எங்க வீட்டுல நடந்தது கிட்டத்தட்ட இதேதான்.

லீவுக்கு ஊருக்குப் போயிருந்தோம். கிணத்தடியில சேப்பங்கிழங்கு இலை ஒவ்வொண்ணும் முறம் மாதிரி. சின்னவன் அதுல தண்ணி ஊத்தி உருட்டி விளையாடிட்டு இருந்தான். தண்ணி பாதரசம் மாதிரி ஓடுது, இலை நனையவே இல்லை. நான் அடுப்படியில இருந்து ஒரு சிட்டிகை மஞ்சத்தூள் கொண்டுபோய் இலையில தூவிட்டு, "இப்ப உருட்டு"ன்னேன். சொட்டு போன வழியெல்லாம் தூளை வாரிட்டுப் போயிருச்சு, பின்னாடி பளிச்சுனு பச்சைக் கோடு. செம்பருத்தி இலையில செய்து பார்த்தான், அங்கே தண்ணி படர்ந்து மஞ்சள் சேறாயிருச்சு.

எனக்குத் தோணாத ஒண்ணை அவன் செய்தான். சேப்ப இலையில ஒரு இடத்தை விரலால நல்லாத் தேய்ச்சுட்டு அங்க தண்ணி விட்டான். ஓடலை! ஒட்டிக்கிச்சு. கண்ணுக்குத் தெரியாத மேடு மேடா, அது மேல மெழுகுன்னு இருக்கிறதாலதான் சொட்டு காத்து மேல உட்கார்ந்த மாதிரி உருளுதுன்னு பிறகு படிச்சேன். தேய்ச்சதுல அது போயிருச்சு. ஜெர்மனியில பான் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் தாமரை இலையில இதை ஆராய்ஞ்சவர். அதை வச்சு மழையே கழுவிவிடற சுவர் பெயின்ட் 1999ல வித்தாங்களாம்.

இதையெல்லாம் நான் படிச்சுச் சொன்னப்போ எங்க அத்தை வெத்தலையை மென்னுகிட்டே, "தாமரை இலைத் தண்ணி மாதிரின்னு உன் மாமனாரை நான் நாப்பது வருஷமாச் சொல்லிட்டிருக்கேன், எனக்கு யாரு காசு குடுத்தா?"ன்னாங்க.

சேப்ப இலை கிழிஞ்சா சாறு அரிக்குமுங்க. பார்த்துக்கோங்க.

---

இயற்பியல் ஆசிரியர்:

ஒரு திருத்தம் மட்டும். "வௌவாலைப் பார்த்து ராடார் கண்டுபிடித்தார்கள்" என்று பொது அறிவுப் புத்தகங்களில் இருப்பதை நானும் பல வருடங்கள் சொல்லிக்கொடுத்தேன். அது தவறு. ராடார், ரேடியோ அலை பட்டுத் திரும்புவதை வைத்துத் தொலைவில் இருப்பதைக் கண்டறியும் கருவி. வௌவால், தான் எழுப்பும் ஒலியின் எதிரொலியை வைத்து வழி கண்டுகொள்கிறது. எதிரொலியை வைத்துக் கடலுக்கடியில் பொருளைக் கண்டறியும் முயற்சிகள் முதல் உலகப் போர்க் காலத்திலேயே நடந்தன. பிரிட்டிஷ் பொறியாளர் வாட்சன்-வாட் ராடாரைச் செய்துகாட்டியது 1935இல். வௌவால் நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்புகிறது என்று அமெரிக்க விலங்கியலாளர் டொனால்ட் கிரிஃபின் கருவி வைத்துக் கண்டது 1938இல். ஆக, மனிதன் செய்த கருவிதான் முதலில். வௌவாலின் ரகசியம் பிறகு. என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் மன்னிக்கவும்.

---

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்:

மேலே எழுதிய டீச்சருக்கு வாழ்த்துகள். பேரப்பிள்ளைகளோடு எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் நடந்ததைச் சொல்கிறேன்.

மின்கம்பியில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி சட்டென்று தலைகீழாகப் பாய்ந்தது. மீனோடு மேலே வந்தது. "சத்தமே வரலையே தாத்தா" என்றாள் பேத்தி. பெரியவன் உடனே ஒரு கல்லை எறிந்து, "பார், டொபக்குன்னு கேக்குது" என்றான். அப்படியே விட மனமில்லை. குளத்துக் களிமண்ணை எடுத்து ஆளுக்கொரு உருவம் பிடிக்கச் சொன்னேன். எடை ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் விதி. அடை மாதிரி தட்டியதைப் போட்டால் பளாரென்று எங்கள் முகமெல்லாம் தண்ணீர். உருண்டைக்குக் கொஞ்சம் குறைந்தது. பம்பரம் போலக் கூராகப் பிடித்ததை நுனி கீழிருக்கப் போட்டபோது 'ளுக்' என்று ஒரு சின்னச் சத்தம்தான். பேத்தி நிஜ அலகு போலவே ஒரு சாண் நீளத்துக்குப் பிடித்தாள். அது போடுவதற்கு முன்பே ஒடிந்துவிட்டது. அழுகை வேறு.

சமாதானத்துக்குத்தான் ஜப்பான் கதை. அங்கே அதிவேக ரயில் சுரங்கத்துக்குள் நுழையும்போது முன்னால் இருக்கும் காற்றை நெருக்கித் தள்ள, மறுமுனையில் அது வெடிபோல வெளியேறிக் குடியிருப்புக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. எய்ஜி நகாட்சு என்ற பொறியாளருக்குப் பறவை பார்ப்பதில் பித்து. காற்றிலிருந்து தண்ணீருக்குள் தெறிப்பில்லாமல் நுழையும் மீன்கொத்தி அவர் நினைவுக்கு வந்தது. 1997இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயிலின் மூக்கு மட்டும் 15 மீட்டர் நீளம். அப்போது அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர். இறகையோ அலகின் நிறத்தையோ அவர்கள் எடுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்துக்கொண்டே போகும் அந்த வடிவத்தை மட்டும் எடுத்தார்கள்.

கதை முடிந்ததும் பெரியவன் கேட்டான்: "அப்ப நம்ம ஊர் பாசஞ்சர் இஞ்சினுக்கு ஏன் மூஞ்சி சப்பையா இருக்கு?" நான் வாயைத் திறப்பதற்குள் பேத்தி சொல்லிவிட்டாள்: "அது எங்க வேகமாப் போகுது? கொக்கு மாதிரி நின்னு நின்னுல்ல போகுது."

---

மூன்றாம் வகுப்பு ஆசிரியை, தென்காசிப் பக்கம்:

ஐயா, களிமண் விளையாட்டை இந்த வெள்ளிக்கிழமையே செய்யப் போறேன், வாளித் தண்ணியிலதான். சேப்ப இலையும் சொல்லி வச்சாச்சு. வௌவால்–ராடார் படத்தை எங்க வகுப்புச் சுவர்ல இருந்து இன்னிக்குக் கிழிச்சேன். ஏன் கிழிச்சீங்கன்னு கேட்டவன் யாருன்னு நினைக்கறீங்க? அதே பிளேன் பையன்தான். மருளூமத்தை பொறுக்கப் போறவங்க பருத்தி வேட்டி, சேலையோட போகாதீங்க. நைஸ் துணியா இருந்தா ஓரளவுக்குத் தப்பிக்கலாம்.