‘பசியின்மை நோய்’ வேண்டாம், ‘எடையச்ச உண்ணாமை’ என்போமா?

ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

எடை ஏறிவிடும் என்ற பயத்தில் உணவைக் குறைத்துக்கொண்டே போகும் மனநோய் அனொரெக்சியா நெர்வோசா. நம் துண்டறிக்கையில் அதற்குத் தமிழில் ‘பசியின்மை நோய்’ போதும் என்று ஐயா எழுதியிருந்தீர்கள். கிரேக்க வேரைப் பார்த்தால் சரிதான். ஆனால் அந்த மூலப்பெயரே பிழை. 1870களில் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் வைத்தது. இந்த நோயில் பெரும்பாலும் பசி போவதில்லை. பசித்தும் உண்ணாமல் இருக்கிறார்கள். ஜெர்மானியர் அந்தப் பிழையைத் தங்கள் மொழிக்குள் கொண்டுபோகவில்லை. ‘மெலியும் வெறி’ என்ற பொருளில் ‘மாகர்சுக்ட்’ என்கிறார்கள்.

பினாங்கில் ஒரு மருத்துவமனைக்கு மொழிபெயர்த்துச் சொல்ல அவ்வப்போது போவேன். ஓர் அம்மா கைப்பையிலிருந்து டானிக் போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தார். “மூணாவது போத்தல்மா, இன்னும் பசியே எடுக்கல.” பக்கத்தில் மகள், அந்த வெயிலிலும் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். தம்பிக்கு மீ கோரிங் கிளறிக் கொடுப்பாளாம். தான் ஒரு வாய் வைக்க மாட்டாளாம். அம்மா வெளியே போனதும் மெதுவாகச் சொன்னாள்: “ராத்திரியெல்லாம் பசிக்குதுக்கா. சாப்பிட்டா வெயிட் ஏறிடுமேன்னு பயமா இருக்கு.”

முந்தைய முறை அந்த அம்மாவிடம் ‘பசியின்மை’ என்று சொன்னது நான்தான். இன்னும் மனது ஆறவில்லை.

காய்ச்சலில் வாய் கசந்து சோறு இறங்காததையும் மருத்துவர்கள் அனொரெக்சியா என்றுதான் குறிக்கிறார்கள். ‘பசியின்மை’ அதற்கே இருக்கட்டும்.

குழுமத்தில் வந்த ‘உண்ணாநோன்பு நோய்’ என்ற யோசனை எனக்குப் பயமாக இருக்கிறது. தைப்பூச மாதத்தில் ‘விரதம்’ என்று சொல்லிவிட்டால் நம் வீடுகளில் யாரும் கேள்வி கேட்பதில்லை. நோய் ஒளிந்துகொள்ள அதுவே நல்ல இடம். ‘உணவு மறுப்பு’ என்றால் பிள்ளை அடம்பிடிக்கிறது என்று அதட்டுவார்கள். ‘மெலிவு நோய்’ என்றால், பார்வைக்கு ஒல்லியாக இல்லாமலே இதில் சிக்கியவர்கள் விடுபட்டுப் போவார்கள். பட்டினியில் இதயத்துடிப்பு குறைவதும் மாதவிலக்கு நிற்பதும் அவர்களுக்கும் நேரலாம்.

ஆகவே ‘எடையச்ச உண்ணாமை’ என்கிறேன். நோயின் நடுவே இருப்பது அந்த அச்சம்தான். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் தனி நோயாகச் சேர்ந்த ‘ஆர்ஃபிட்’ (ARFID) என்ற இன்னோர் உணவுக் கோளாறு உண்டு. அதில் உணவின் மணம், பதம் பிடிக்காமலோ விக்கிக்கொள்ளும் என்ற பயத்திலோ ஒதுக்குவார்கள். எடை பற்றிய கவலை இராது. இரண்டையும் பிரித்துக்காட்டவும் இந்தச் சொல் உதவும்.

ஒரு குறை எனக்கே தெரிகிறது. இவர்கள் அறவே உண்ணாமல் இருப்பதில்லை, அளவைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். ‘எடையச்ச உணவொடுக்கம்’ சரிவருமா? ‘ஒடுக்கம்’ அந்த அம்மாவுக்குப் புரியுமா என்பதுதான் என் தயக்கம். துண்டறிக்கை அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது; புதன்கிழமைக்குள் எழுதுங்கள்.

ஜெலுத்தோங், பினாங்கு