மார்பகக் கட்டி: ஏற்காட்டிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி (மலையூரான்):
காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் என் பெரியம்மா, மார்பில் நெல்லிக்காய் அளவுக் கட்டி இருந்தும், வலி இல்லை என்பதாலும், சேலத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதாலும், ஆண் மருத்துவர் பார்ப்பாரோ என்ற கூச்சத்தாலும் பல மாதங்களாக மறைத்துவிட்டார். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) மட்டும் எடுத்தால் போதுமா?

மறுமொழி 1 (செவிலி):
போதாது. மருத்துவர் கையால் பரிசோதிப்பதும், மேமோகிராம் அல்லது ஸ்கேனும், ஊசி வழியே திசு எடுத்துப் பார்ப்பதும் சேர்ந்தால்தான் புற்றுநோயா இல்லையா என்பது தெரியும். வலியில்லாத கட்டியையும் அலட்சியப்படுத்தக் கூடாது. முதலில் மருத்துவரைப் பார்த்ததிலிருந்து 60 நாட்களுக்குள் நோயைக் கண்டறிய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்னெடுப்பின் இலக்கு. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

மறுமொழி 2 (அஸ்தம்பட்டி வாசகர்):
‘ஊசி பட்டால் புற்றுநோய் பரவிவிடும்’ என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், அதில் உண்மையில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவுக்கு உதவும், ஆனால் இழந்த கூலியை யார் தருவார்கள்? புற்றுநோய் என்று உறுதியாகி கீமோ (புற்றுநோய்க்கான மருந்து சிகிச்சை) தேவைப்பட்டால், பெரும்பாலும் 2 அல்லது 3 வாரங்களுக்கு ஒரு முறை மலையிறங்க வேண்டியிருக்கும். பலர் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவது இங்கேதான். துணைக்கு யார் வருவது என்பதை வீட்டில் இப்போதே பேசி வையுங்கள்.

மலையூரான்:
நன்றி. திங்கட்கிழமை அழைத்துப் போகிறோம். தோட்ட மேலாளரிடம் விடுப்புக் கேட்டாயிற்று.