கொம்பு கருகுகிறது, கழுத்து வெடிக்கிறது: பாலிமர் கிளே காளைக்கு வழி சொல்லுங்க

ஈரோட்டுப் பொம்மைக்காரி
வணக்கமுங்க. பாலிமர் கிளேயில் (ஓவனில் சுட்டால் இறுகும் பிளாஸ்டிக் களிமண்) கம்மல், ஜிமிக்கி செய்து தெரிந்தவர்களுக்கு விற்றுக்கொண்டிருக்கிறேன். இப்போது ஒரு கல்யாண வீட்டில், மண்டப வாசலில் வைக்க ஒரு ஜோடி காங்கேயம் காளையும் பக்கத்தில் பெண்-மாப்பிள்ளை பொம்மையும் கேட்டிருக்கிறார்கள். காளை ஒரு சாண் நீளம். இவ்வளவு பெரிதாக இதுவரை செய்ததில்லை.

முதல் காளையைச் சுட்டு எடுத்தால் கொம்பு நுனியும் திமிலும் பழுப்பாகிவிட்டன. அதே காளையின் கழுத்திலும் முன்னங்கால் சேரும் இடத்திலும் விரிசல். கருகும் அளவுக்கு வெந்த பொருள் ஏன் வெடிக்கிறது என்றே புரியவில்லை. பாக்கெட்டில் 130 டிகிரி, 6 மில்லிமீட்டர் கனத்துக்கு 15 நிமிடம் என்று போட்டிருக்கிறது. என் சின்ன ஓடிஜியில் (கரண்ட் ஓவன்) 130-ல் திருப்பி வைத்து அரை மணி நேரம் சுட்டேன். உடம்பு முழுக்க கிளேதான். காலுக்கு மட்டும் உள்ளே கம்பி.

இன்னும் இரண்டு தொல்லை. கம்மலின் மெல்லிய இதழை லேசாக வளைத்தாலே பட்டென்று ஒடிகிறது. பளபளப்புக்கு நிறமில்லாத நெயில் பாலிஷ் அடித்த கம்மல்கள் கொஞ்ச நாளில் பிசுபிசுக்கின்றன. ஒரு அக்கா துப்பட்டா நூல் ஒட்டிய கம்மலை அப்படியே கொண்டுவந்து காட்டினார்.

கரூர் கைவேலை
பழுப்பானால் சூடு அதிகம் என்று அர்த்தம். 110-க்குக் குறைத்துப் பாருங்க. நான் ஃபிமோ கிளேயை 110-ல்தான் அரை மணி நேரம் சுடுகிறேன், ஒரு குறையும் இல்லை.

நொய்யல்கரை
கரூர் நண்பர் சொல்வது ஃபிமோவுக்குச் சரி, அந்தப் பாக்கெட்டிலேயே 110 என்றுதான் இருக்கும். இந்தக் கிளேக்கு 130. குறைத்தால் கம்மல் இன்னும் அதிகமாக ஒடியும். ஒடிவது அதிகம் வெந்ததால் இல்லைங்க, வேகாததால். பாலிமர் கிளே என்பது பிவிசி தூளும் அதை இளக்கி வைத்திருக்கும் எண்ணெய் மாதிரியான பொருளும் கலந்தது. சரியான சூட்டில் போதுமான நேரம் இருந்தால்தான் தூளெல்லாம் உருகி ஒன்றோடொன்று பிணையும். பாதி வெந்தால் வெளியே கெட்டியாகத்தான் தெரியும், வளைத்தால் ஒடியும். நன்றாக வெந்த மெல்லிய துண்டு ஆறிய பிறகு வளைந்து கொடுக்கும். சூடாக இருக்கும்போதே சோதிக்காதீர்கள், அப்போது எல்லாமே குழைவாகத்தான் இருக்கும்.

அப்படியானால் கொம்பு ஏன் கருகியது? உங்கள் ஓடிஜியில் இரண்டு சூடு இருக்கிறது. ஒன்று உள்ளே இருக்கும் காற்றின் சூடு. இன்னொன்று, ஹீட்டர் காயில் சிவக்கும்போது நேராக வந்து அடிக்கும் அனல். சின்ன ஓவனில் உயரமான காளையை வைத்தால் கொம்பும் திமிலும் மேல் காயிலுக்குக் கிட்டப் போய்விடும். அங்கே கருகும், வயிற்றுக்குள் வேகாது. ஒரே காளையில் இரண்டும் நடக்கும். வெள்ளை, வெளிர் நிறங்களில் அது முதலில் தெரியும்.

முதல் வேலையாக ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்குங்கள். கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஓவனின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நான் நம்புவதே இல்லை. கீழ்த் தட்டில் ஒரு தரை டைல்ஸ் போட்டு, அதன் மேல் தெர்மாமீட்டரை வைத்து, கால் மணி நேரம் காயவிட்டு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். காளையை அந்த டைல்ஸ் மேலேயே நிறுத்தி, மேலே அலுமினியம் ஃபாயிலைப் பொம்மையில் படாமல் கூடாரம் போல மூடுங்கள். அனல் நேராகப் படாது.

அடுத்தது உடம்பு. முழுக்க கிளேயை உருட்டி வைத்தால் நடுவரைக்கும் சூடு போகவே நேரமாகும். மேல் தோல் இறுகிவிட்ட பிறகு உள்ளே இருப்பது விரியும், அடைபட்ட காற்றும் விரியும். பலம் குறைந்த இடத்தில் வெடிக்கும், அதாவது கழுத்திலும் கால் சேரும் இடத்திலும். ஃபாயிலைக் கசக்கி, சுத்தியலால் தட்டி இறுக்கிக் காளை வடிவத்துக்குக் கொண்டுவந்து, அதன் மேல் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மட்டும் கிளே போர்த்துங்கள். கிளேயும் மிச்சம், எடையும் குறையும். கால் கம்பியை ஃபாயிலுக்குள் நன்றாகச் சொருகி, ஃபெவிகால் தடவிக் காயவிட்ட பிறகு கிளே ஏற்றினால் வழுக்காமல் பிடிக்கும். சுட்டு முடிந்ததும் கதவைத் திறக்காதீர்கள், ஓவனுக்குள்ளேயே ஆறட்டும்.

நேரம் கூடினால் கெடுமோ என்று பயம் வேண்டாம். சூடு 130-லேயே நின்றால் ஒரு மணி நேரம் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. எல்லை தாண்டி எரிந்தால்தான் ஆபத்து. அப்போது ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், கண்ணும் தொண்டையும் எரியும். அப்படி நெடி வந்தால் ஓவனை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள். மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. வீட்டில் கேக் செய்யும் ஓவனையும் இதற்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

பொள்ளாச்சி மணிமாலை
அக்கா, கம்மல் விஷயம் நான் சொல்கிறேன். எந்தக் கிளே? ஸ்கல்பி 3 என்றால் நன்றாக வெந்தாலும் மெல்லிய இதழ் ஒடியத்தான் செய்யும். அது மென்மையான கிளே, பிசைய சுகம், அவ்வளவுதான். நகைக்கு பிரீமோ, ஃபிமோ, செர்னிட் மாதிரி வளைந்து கொடுப்பதை வாங்குங்க.

நெயில் பாலிஷை விட்டுவிடுங்க. அதில் இருக்கும் கரைப்பான் கிளேயை இளக்கிக்கொண்டே இருக்கும், அதனால்தான் பிசுபிசுப்பு. ஸ்ப்ரே பெயின்ட், ஸ்ப்ரே வார்னிஷ் பலதும் இப்படித்தான். தண்ணீரில் கரையும் பாலியூரித்தேன் வார்னிஷ் அல்லது யுவி ரெசின் போடுங்க. பழைய கம்மலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, தண்ணீர் உப்புத்தாளில் 400, 600, 1000 என்று ஈரமாகவே தேய்த்தால் பெரும்பாலும் தேறிவிடும். கடைசியில் ஜீன்ஸ் துணியில் தேய்த்தால் வார்னிஷே இல்லாமல் ஒரு மினுமினுப்பு வரும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

கிளேயை எங்கே வைக்கிறீர்கள்? சித்திரை வெயிலில் தகர ஷீட்டுக்குக் கீழே பரண் மேல் வைத்தால், பாக்கெட்டுக்குள்ளேயே பாதி இறுகிப் பொடிப்பொடியாக உதிரும். அந்தக் கிளேயில் செய்ததும் ஒடியும்.

ஈரோட்டுப் பொம்மைக்காரி
ஸ்கல்பி 3-தான்! இருப்பது பீரோவுக்குள், அந்தக் கவலை இல்லை. தெர்மாமீட்டர் வாங்கி வைத்துப் பார்த்தேன். திருகில் 130, டைல்ஸ் மேல் 105. மேல் காயிலுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் 160 தாண்டுகிறது. சாயங்காலம் பக்கத்துத் தறியெல்லாம் ஓடும்போது லோ வோல்டேஜ் வேறு, அதனாலும் குறையுமா? விரிசல் விட்ட காளையைத் தூக்கிப் போடத்தான் வேண்டுமா?

நொய்யல்கரை
பாருங்க, 105-ல் ஸ்கல்பி எப்படி வேகும்? லோ வோல்டேஜில் சூடேற நேரம் அதிகமாகும். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, டைல்ஸ் மேல் தெர்மாமீட்டர் 130 காட்டிய பிறகு நேரத்தைக் கணக்கிடுங்கள், போதும். நடுவில் கரண்ட் போனாலும் கவலையில்லை, வந்த பிறகு முதலிலிருந்து சுடலாம்.

காளையைப் போட வேண்டாம். விரிசலுக்குள் லிக்விட் கிளே விட்டு, அதே நிறக் கிளேயை அழுத்தி, விரலில் ஆல்கஹால் தொட்டு நீவிவிட்டு மறுபடி கூடாரம் போட்டுச் சுடுங்கள். உள்ளே முழுக்க கிளே என்பதால் இந்த முறை ஒரு மணி நேரத்துக்கு மேலேயே விடுங்கள். இரண்டாவது காளையை ஃபாயில் வைத்துச் செய்யுங்கள்.

காங்கேயத்துக்காரன்
கிளே பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதுங்க, மாடு பற்றிச் சொல்லலாமா? செய்வது பூச்சிக்காளையா (இனவிருத்திக்கு விடும் காளை), வண்டி எருதா? பூச்சிக்காளை என்றால் திமில், தலை, முன்சப்பை, பின்சப்பை எல்லாம் கருமை ஏறி இருக்கும். எருது வெளுத்திருக்கும், அதற்குக் கொம்பு நீளமாக வெளியே போய்ப் பின்னால் வளைந்து, நுனி இரண்டும் கிட்ட வரும். பக்கத்தில் கன்று வைப்பதாக இருந்தால் அது சிவப்பாக இருக்கட்டும், நம் மாட்டுக் கன்று பிறக்கும்போது செவப்புதான். ஊர்க் கல்யாணம், பார்க்கிறவர்கள் முதலில் மாட்டைத்தான் குறை சொல்வார்கள்.

ஈரோட்டுப் பொம்மைக்காரி
பூச்சிக்காளைதானுங்க. நீங்கள் சொன்னதில் ஒரு வேலை மிச்சமாயிற்று. பழுப்பான திமிலைச் சுரண்டலாம் என்றிருந்தேன். இப்போது அக்ரிலிக் கறுப்பைத் தண்ணியாகக் கலந்து திமில், சப்பை, கொம்பு நுனி எல்லாம் பூசிவிட்டேன், கருகிய இடமே தெரியவில்லை. விரிசல் அடைத்த காளையும் நிற்கிறது. ஃபாயில் காளை பாதி எடைதான் இருக்கிறது. அதே 130-ல் சுட்ட பிரீமோ இதழும் வளைகிறது.

பெண் பொம்மைக்குச் சேலை கட்டிவிட்டுச் சுடலாமா, சுட்ட பிறகு கட்டலாமா?

பொள்ளாச்சி மணிமாலை
சுட்டு, ஆறிய பிறகு கட்டுங்க அக்கா. பருத்தி அந்தச் சூட்டைத் தாங்கும், ஆனால் சுடாத கிளேயின் எண்ணெயை உறிஞ்சிக் கறையாகிவிடும். கரை மெல்லிசாக இருக்கும் கைத்தறித் துண்டாகப் பாருங்க, பெரிய ஜரிகை அந்த அளவுக்குப் போர்வை மாதிரி தெரியும். மாப்பிள்ளை தலைப்பாகைக்குத் திருப்பூர் பனியன் கட்பீஸ் நன்றாகப் படியும்.