பம்ப் மாத்தின பிறகும் மலை ஏறறப்ப வண்டி ஆஃப் ஆகுது, என்ன பார்க்கலாம்?

மேட்டுப்பாளையத்தான்:
வணக்கமுங்க. நம்ம வண்டி 2009 மாடல், 1.1 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். போன மாசம் திடீர்னு ஒரு நாள் காலைல செல்ஃப் அடிச்சா சுத்துது ஆனா ஸ்டார்ட் ஆகல, தெரிஞ்ச மெக்கானிக் வந்து பார்த்துட்டு பெட்ரோல் பம்ப் போயிருச்சுன்னாரு, கம்பெனி செட்டு விலை ஜாஸ்தின்னு வெளி மார்க்கெட்ல மோட்டார் மட்டும் வாங்கி பின் சீட்டை தூக்கி மாத்தி குடுத்தாரு. ஊருக்குள்ள ஓட்டறப்ப ஒரு குறையும் இல்லைங்க. குன்னூர் ரோட்டுல ஏறினாதான் தொல்லை. கல்லாறு வரைக்கும் ஜம்முனு வரும், மேடு ஆரம்பிச்சு கொஞ்ச தூரத்துல இழுவை குறையுது, வெட்டி வெட்டி இழுத்துட்டு பொசுக்குன்னு நின்னுருது. போன வாரம் பர்லியாறுக்கு முன்னாடி வளைவுலயே நின்னு, பின்னாடி பஸ்ஸு, வீட்டுக்காரம்மா இறங்கி கல்லு வைக்க வேண்டியதா போச்சு. கால் மணி நேரம் ஆறவிட்டா எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. செக் லைட் எரியல, ஸ்கேனர்லயும் எரர் எதுவும் இல்ல. இப்ப இன்னொரு பம்ப் போட்டு பாக்கலாம்கறாரு. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு.

சாரல்_தென்காசி:
இதுல யோசிக்க என்ன இருக்கு ப்ரோ, இ20 பெட்ரோல்தான், அதான் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2009 வண்டி அதுக்கு செஞ்சதே இல்ல, பழைய ரப்பர் எல்லாம் ஊறிப்போயிருக்கும், டேங்க்ல அடியில கெடந்த அழுக்கெல்லாம் கிளப்பி விட்டுரும்.

ஸ்பேனர் சித்தப்பு:
இ20 மேல பழி போட்டுட்டா வேலை முடிஞ்சிருமா தம்பி? பழைய ரப்பருக்கு அது நல்லதில்லைங்கறது உண்மைதான், ஆனா பம்ப் மாத்துறதுக்கு முந்தின நாளும் அதே பெட்ரோல்ல தான ஓடுச்சு. கை வச்ச இடத்தை முதல்ல பாக்கணும், அப்புறம்தான் ஊரு உலகம்.

மேட்டுப்பாளையத்தான், ரெண்டு விஷயம் சொல்லுங்க. நிக்கிறப்ப ஆர்பிஎம் முள்ளு எப்படி விழுது? வண்டி கியர்ல உருண்டுட்டு இருக்கும்போதே முள்ளு டக்குன்னு பூஜ்யத்துக்கு போச்சுன்னா இன்ஜின் சுத்துறதை கம்ப்யூட்டருக்கு சொல்ற கிராங்க் சென்சார் பக்கம் சந்தேகப்படணும், அதுவும் சூடானா சாகும் ஆறினா உயிர் வரும், ஆளை நல்லா ஏமாத்தும். முக்கி முனகி இறங்குச்சுன்னா பெட்ரோல் பத்தல. இன்னொண்ணு, நின்ன உடனே டேங்க் மூடியைத் திறந்து பாருங்க, உஸ்ஸுன்னு காத்தை உள்ள இழுத்துச்சுன்னா டேங்க்குக்கு காத்து போற வழி அடைச்சிருக்கு, அப்படி இருந்தா எத்தனை பம்ப் போட்டாலும் இதே கதைதான்.

ஸ்கேனர்ல எரர் வரலைன்னு நிம்மதியா இருக்காதீங்க. உங்க வண்டி காலத்து மாடல் நிறைய வண்டில பெட்ரோல் பிரஷரைப் பாக்க சென்சாரே கிடையாது, பிரஷர் இறங்கினா கம்ப்யூட்டருக்கு தெரியவே தெரியாது. கேஜ் மாட்டித்தான் பாக்கணும்.

மேட்டுப்பாளையத்தான்:
முள்ளு டக்குன்னு விழலைங்க, ஆடி ஆடித்தான் இறங்குது. மூடி திறந்து பார்த்தேன், சத்தம் எதுவும் வரல.

வோல்ட்டு வரதன்:
அப்ப பெட்ரோல்தான். பம்புக்கு கரண்ட் ஒழுங்கா போகுதான்னு பாத்தீங்களா? எல்லாரும் பம்பை மாத்துவாங்க, ஒயரை ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. இன்ஜின் ஓடும்போது பேட்டரில 13.5, 14 வோல்ட் இருக்கும், பம்ப் கப்ளர்லயும் (பம்புக்கு ஒயர் சொருகற இடம்) கிட்டத்தட்ட அதே வரணும். கப்ளரை கழட்டி வச்சு மீட்டர் வைக்காதீங்க, லோடு இல்லாம எல்லாம் சரியாத்தான் காட்டும். மாட்டின நிலைலயே பின்பக்கமா ஊசி குத்தி பாருங்க. 11 வோல்ட்தான் வருதுன்னா ரிலே, எர்த், கப்ளர் பின்னு, இதுல ஒண்ணு தின்னுட்டு இருக்கு. எர்த் ஒயரையும் மறக்காம பாருங்க ப்ளீஸ்.

மேட்டுப்பாளையத்தான்:
எலக்ட்ரீசியன் ஒருத்தரை வச்சு பார்த்தோமுங்க. சீட்டுக்கு கீழ கப்ளர்ல 13.4 வருது, எர்த்தும் சரியா இருக்குன்னுட்டாரு. அவர்கிட்டயே கேஜ் இருந்துச்சு, ஸ்டார்ட் பண்ணப்ப 3 பாருக்கு மேல காட்டுச்சு, நல்லா சூடாகற வரைக்கும் ஓட விட்டு ஆக்சிலேட்டர் குடுத்தா மெதுவா இறங்கி 2 கிட்ட வந்துருச்சு. அப்ப பம்ப் மட்டம்தானுங்களா?

ஸ்பேனர் சித்தப்பு:
பொறுங்க பொறுங்க. சீட்டுக்கு கீழ டேங்க் மேல இருக்கற பம்ப் மூடி வரைக்கும் கரண்ட் ஒழுங்கா வருது, பிரஷர் இறங்குதுன்னா தப்பு மூடிக்கு உள்ள இருக்கு, அவ்வளவுதான் தெரியுது. பம்ப்தான்னு இன்னும் சொல்ல முடியாது. மோட்டார் மட்டும் வாங்கி போட்டோம்னீங்கல்ல, எனக்கு அங்கதான் உறுத்துது. வெளி மோட்டார்ல கப்ளர் சைஸ் பொருந்தாது, பாதி பேர் ஒயரை வெட்டி முறுக்கி கருப்பு டேப்பை சுத்தி டேங்க்குள்ள இறக்கிருவாங்க. அப்புறம் ஓஸ், சாதாரண பெட்ரோல் ஓஸ் உள்பக்கம் பெட்ரோல் போறதுக்குத்தான், வெளிப்பக்கமும் சேர்ந்து மூழ்கி கெடந்தா உப்பி இளகிரும், டேங்க்குள்ள போடறதுக்குன்னே தனி ஓஸ் இருக்கு. பம்புக்கு அடியில இருக்கற ஜல்லடை மடங்கி இருக்கான்னும் பாருங்க.

திறக்கறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவ்வை கழட்டணும், வெட்ட வெளில வச்சு செய்யணும். வெளிய எடுத்த பம்புக்கு பேட்டரில நேரா ஒயர் குடுத்து சுத்துதான்னு பாக்கவே பாக்காதீங்க, சுத்தி பெட்ரோல் ஆவி இருக்கற இடத்துல ஒரு பொறி போதும்.

மேட்டுப்பாளையத்தான்:
அண்ணா, நீங்க சொன்னது அப்படியே இருந்துச்சு. இன்னைக்கு வேற மெக்கானிக் கிட்ட திறந்தோம். ரெண்டு ஒயரும் முறுக்கி டேப் சுத்தினதுதான், டேப்புல இருந்த பசை கரைஞ்சு கருப்பா கொழகொழன்னு வழிஞ்சு கீழ ஜல்லடைல பாதிக்கு அப்பியிருக்கு. டேப்பு தனியா கழண்டு தொங்குது. முறுக்கின இடத்துல செம்பு கருகிப்போய், பக்கத்துல ஒயர் தோலு சுருங்கி இருந்துச்சு. போட்டோ எடுத்து பழைய மெக்கானிக்குக்கு அனுப்பினேன், பார்த்துட்டு பேசாம இருக்காரு.

வோல்ட்டு வரதன்:
லூஸ் ஜாயிண்ட் சூடாக சூடாக ரெசிஸ்டன்ஸ் ஏறும், பம்ப் வேகம் குறையும். ஊருக்குள்ள இன்ஜின் கேக்கற பெட்ரோல் கம்மி, அதனால தெரியல. மேட்டுல முழுசா கேக்கும்போது குடுக்க முடியல. அதை மறுபடி முறுக்கி சால்டர் வைக்கலாம்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க, மோட்டாருக்கு பொருந்துற கப்ளரோட பெட்ரோல்ல ஊறினாலும் தாங்கற ஒயர் செட்டா கேளுங்க.

ஸ்பேனர் சித்தப்பு:
நல்லா வச்ச சால்டர் ஒண்ணும் ஆகாதுப்பா, நான் செஞ்ச வண்டிக எல்லாம் இன்னும் ஓடுது. ஆனா செட்டு கிடைச்சா அதான் பெஸ்ட். ஜல்லடையை கழுவி போடாதீங்க, புதுசே போடுங்க, டேங்க்குள்ள கையை விட்டு பசை மிச்சம் இருந்தா துடைச்சு எடுக்கச் சொல்லுங்க. அப்படியே மூடி ரப்பர் வளையத்தையும் மாத்திருங்க, பழசை திரும்ப போட்டா சீட்டுக்கு கீழ பெட்ரோல் வாடை அடிக்கும்.

சாரல்_தென்காசி:
அந்த டேப்பு பசையை கரைச்சது இ20 தான்னு நான் இன்னும் சொல்றேன் 😄

மேட்டுப்பாளையத்தான்:
சாதா பெட்ரோலே கரைச்சிரும்ங்கறாரு புது மெக்கானிக். ஒயர் செட்டு நாளைக்கு கோயம்புத்தூர்ல கிடைக்கும்னு சொல்லியிருக்காங்க. மாட்டிட்டு கேஜ் வச்சு சூடுலயும் பிரஷர் நிக்குதான்னு பார்த்துட்டுத்தான் மலை ஏறறது. மோட்டாரு அதேதான், புதுசு வாங்கல.